பலவீனம் என்னும் சொல்லும் மூலிகை எழுத்தும்: இதயச் செயலிழப்பு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இதயச் செயலிழப்பு உடையோருக்கு மூலிகைகள் துணைசெய்யுமா என்னும் வினாவைத் தமிழ் மூலிகை எழுத்து கையாளும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. வில்லியம் விதரிங் 1785இல் வெளியிட்ட டிஜிடாலிஸ் பற்றிய நூல் இங்கு ஒப்பீட்டு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. 'இதய பலவீனம்', 'இதயத்தை வலுப்படுத்தும்' ஆகிய வழக்குகள் நோயின் இயல்பை மறைக்கின்றன என்பதும், மருதம்பட்டை முதலியவற்றின் மீதான ஆய்வுகள் அவற்றின் அளவை மீறிய கூற்றுகளுக்கு அடிப்படையாக்கப்படுகின்றன என்பதும், மரபு நூல்களில் இருந்த எச்சரிக்கைக் கூறுகளை இக்காலச் சுருக்கங்கள் கைவிட்டுள்ளன என்பதும் இதன் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: இதயச் செயலிழப்பு, மூலிகை எழுத்து, டிஜிடாலிஸ், மருதம், நீர்முள்ளி, மருத்துவக் கலைச்சொல், சான்று.

முன்னுரை

தமிழில் மூலிகை பற்றிய எழுத்து பரந்த நிலப்பரப்புடையது. சித்த மருத்துவச் சுவடிகளின் பதிப்புகள், குணபாட நூல்கள், நாளிதழ்களின் நலவாழ்வு இணைப்புகள், வார இதழ்த் தொடர்கள், கைவைத்தியக் கையேடுகள் எனப் பல படிநிலைகளில் அது இயங்கிவருகிறது. இவற்றுள் இதயத்திற்கெனத் தனிப்பகுதி ஒதுக்காத கையேட்டைக் காண்பது அரிது. மருதம்பட்டை, செம்பருத்திப்பூ, வெண்தாமரை, பூண்டு ஆகியவை அப்பகுதியில் தவறாது இடம்பெறும். 'இதயத்தை வலுப்படுத்தும்', 'இதய நோய் நீங்கும்' என்னும் இரண்டு தொடர்களுள் ஏதேனும் ஒன்றில் அப்பகுதி நிறைவுறும்.

எந்த இதய நோய் என்னும் வினா அங்கு எழுப்பப்படுவதில்லை. இதயத் தமனி அடைப்பு, வால்வுக் கோளாறு, துடிப்பு ஒழுங்கின்மை, இதயச் செயலிழப்பு ஆகியவை தம்முள் தொடர்புடையனவே எனினும் வேறு வேறு நோய்நிலைகள். ஒன்றிற்குப் பயன்தரும் மருந்து மற்றொன்றிற்குத் தீங்காகலாம். இவற்றுள் இதயச் செயலிழப்பு தனிக்கவனம் பெறவேண்டியது. உடலின் தேவைக்கேற்ப இரத்தத்தைச் செலுத்த இதயத்தால் இயலாத நிலை, அல்லது உள்ளழுத்தம் மிகுந்தால் மட்டுமே செலுத்த இயலும் நிலை என அதனை வரையறுக்கலாம். மூச்சுத்திணறல், கால்வீக்கம், தீராக் களைப்பு ஆகியன அதன் வெளிப்பாடுகள். அது பெரும்பாலும் பல்லாண்டு நீடிப்பது. நோயாளி நாள்தோறும் பல மருந்துகளை உட்கொள்வதைக் கோருவது. அவற்றோடு மூலிகையும் சேரும்போது என்ன நிகழும் என்பது ஏட்டளவிலான வினா அன்று. அமெரிக்க இதயச் சங்கம் இதயச் செயலிழப்பில் மாற்று மருத்துவமுறைகளின் பயன்பாடு குறித்து 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் அறிவியல் அறிக்கையை வெளியிட்டது. அந்நாட்டில் இந்நோயுடையோருள் மூவரில் ஒருவர் அளவிற்கு அத்தகைய பொருள்களைப் பயன்படுத்துவதாக அது குறிப்பிடுகிறது. மூலிகைப் பழக்கம் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலிருந்தே தொடங்கும் தமிழ்ச் சூழலில் இவ்வினா இன்னும் நெருக்கமானது.

ஒரு நூலும் ஒரு புனைவும்

மூலிகையிலிருந்து இதயச் செயலிழப்புக்கு மருந்து கிடைத்தமைக்கு உலகெங்கும் காட்டப்பெறும் முதற்சான்று டிஜிடாலிஸ். தமிழ்க் கட்டுரைகளும் இதனை விரும்பி எடுத்தாளுகின்றன. நாட்டு மருத்துவம் அறிந்த மூதாட்டி ஒருவரிடமிருந்து ஆங்கில மருத்துவர் ஒருவர் மூலிகையைக் கற்றார் என்பதே அவற்றில் மீளமீளச் சொல்லப்படுவது. மரபறிவுக்கு நவீன மருத்துவம் கடன்பட்டுள்ளது என்பதை நிறுவ இக்கதை பயன்படுகிறது. கதையின் உட்கரு உண்மையே. 1775ஆம் ஆண்டு, ஷ்ராப்ஷயர் பகுதியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் மறைவாகப் போற்றிவந்த குடும்ப மருந்துமுறை பற்றி விதரிங்கின் கருத்து கேட்கப்பட்டது. நீர்வீக்கத்திற்கான அம்மருந்தில் இருபது அல்லது அதற்கும் மேற்பட்ட செடிகள் கலந்திருந்தன. அவற்றுள் வினையாற்றுவது டிஜிடாலிஸ் ஒன்றே என அவர் உய்த்துணர்ந்தார்.

அம்மூதாட்டிக்கு நூலில் பெயர் இல்லை. 'ஹட்டன் அன்னை' என்னும் பெயரும், அவரை விதரிங் நேரில் சந்தித்ததாகக் காட்டும் ஓவியமும் 1928ஆம் ஆண்டளவில் ஒரு மருந்து நிறுவனத்தின் விளம்பரத்தின் வழியே பிறந்தவை. அவை பின்னர் வரலாறு போலவே நூல்களுக்குள் புகுந்தன. டெனிஸ் கிரிக்ளர் என்னும் இதயநோய் மருத்துவர் 1985இல் இதனை வெளிப்படுத்தினார். மரபறிவைப் போற்றுவதற்கென இன்று எடுத்துக்காட்டப்படும் உருவம் ஒரு வணிக விளம்பரத்தின் படைப்பு என்பது நகைமுரண். ஆயினும் இப்பெயர்ப்பிழை சிறிய பிழையே. கதையைச் சொல்வோர் நூலைத் திறப்பதில்லை என்பதே பெரிய குறை.

விதரிங்கின் நூல் எத்தகையது? பத்தாண்டுக் காலத்தில் தாம் டிஜிடாலிஸ் கொடுத்த 163 நோயாளரின் வரலாறுகளை அவர் அதில் வரிசைப்படுத்துகிறார். வெற்றி பெற்றவற்றை மட்டும் தெரிந்தெடுத்துக் காட்டுவது எளிது. அது மருந்துக்கும் தமக்கும் புகழ் சேர்க்கும். ஆனால் உண்மை அதனை ஏற்காது என்னும் கருத்தை முன்னுரையிலேயே கூறிவிடுகிறார். பொருந்தக் கொடுத்தது, பொருந்தாமற் கொடுத்தது, பலித்தது, பலியாதது அனைத்தும் நூலில் இடம்பெறுகின்றன. தொடக்கக் காலத்தில் தாம் மிகுதியான அளவில், நெடுநாள் கொடுத்துவிட்டதை அவர் ஒப்புக்கொள்கிறார். இலையை எப்பருவத்தில் பறிப்பது என வரையறுக்கிறார்: பூக்கள் விரியும் தறுவாயில். வேரின் ஆற்றல் பருவத்திற்குப் பருவம் மாறுவதால் இலையைத் தேர்கிறார். அளவு உறுதிப்படாத கஷாயத்தைவிட உலர்ந்த இலைப்பொடியை விரும்புகிறார். யாருக்குப் பயன்தரும், யாருக்குத் தராது என்றும் எழுதுகிறார். நாடி தளர்ந்து, முகம் வெளுத்து, உதடு நீலம்பாய்ந்து, தோல் குளிர்ந்திருப்போரிடம் அது வேலை செய்யும். இறுகிய நாடியும் சூடான தோலும் சிவந்த முகமும் உடைய திடகாத்திரரிடம் அரிதாகவே செய்யும் என்பது அவர் கண்டது.

அனைத்திற்கும் மேலாக, எப்போது நிறுத்துவது என்பது அந்நூலில் உள்ளது. சிறுநீரகத்திலோ வயிற்றிலோ நாடியிலோ குடலிலோ மருந்தின் வினை தென்பட்டவுடன் நிறுத்த வேண்டும். அளவு மீறினால் வாந்தி, பொருள்கள் பச்சையாகவும் மஞ்சளாகவும் தோன்றுதல், நாடி நிமிடத்திற்கு 35 வரை தாழ்தல், மயக்கம், இறப்பு ஆகியன நேரும் என்று அவர் பதிவுசெய்கிறார். நஞ்சின் முகத்தை இவ்வளவு தெளிவாக எழுதியதாலேயே அதனை மருந்தாக அவரால் நிறுவ இயன்றது. டிஜிடாலிஸ் முதன்மையாக நீர்பிரிக்கும் மருந்து எனவே அவர் கருதினார். இதயத்தின் இயக்கத்தின் மீது அதற்குத் தனியாற்றல் உண்டு என்று குறிப்பிட்டாரேனும் விளக்கம் அவருக்குக் கிட்டவில்லை. விளக்கம் தவறியும் நூல் நின்றதற்குக் காரணம் பதிவின் நேர்மை.

தமிழ் மூலிகைக் கட்டுரைகள் இந்நூலிலிருந்து மூதாட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு 163 நோயாளரை விட்டுவிட்டன. மருந்து பலிக்காத ஒருவரைப் பற்றிய ஒரு பத்தியேனும் அவ்வெழுத்தில் காணக் கிடைப்பது அரிது.

'பலவீனம்' என்னும் சொல்

குறை எழுதுவோரிடம் மட்டும் இல்லை, சொல்லிலும் உண்டு. இந்நோய்க்குத் தமிழில் இன்று பெருவழக்காக உள்ளவை இரண்டு: 'இதயச் செயலிழப்பு', 'இதய பலவீனம்'. முன்னது கலைச்சொல், பின்னது மருத்துவர் நோயாளிக்குச் சொல்வதும் மக்கள் தமக்குள் வழங்குவதும்.

'செயலிழப்பு' முற்றும் இழந்துவிட்ட பொருளைத் தருகிறது. கை செயலிழந்தது என்றால் அசையாது என்றே பொருள். ஆகவே இச்சொல்லைக் கேட்கும் நோயாளியின் குடும்பம் இதயம் நின்றுவிட்டதாகவோ நிற்கப்போவதாகவோ எண்ணுகிறது. மாரடைப்போடு அதனைக் குழப்பிக்கொள்கிறது. 'பலவீனம்' அச்சத்தைத் தணிக்கிறது. அதற்கு ஈடாக வேறொரு பிழையை விதைக்கிறது. பலவீனத்திற்கு மாற்று பலம். பலவீனமான இதயத்திற்குப் பலந்தரும் மருந்து வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே அடங்கிய முடிவு. மூலிகைக் கையேட்டின் 'வலுப்படுத்தும்' என்னும் வினைச்சொல் இந்தப் பெயர்ச்சொல்லிலிருந்தே பிறக்கிறது. நோய்க்குச் சூட்டிய பெயரே மருந்தையும் தேர்ந்தெடுத்துவிடுகிறது என்று இதனைக் கூறலாம்.

இதயத்தை வலுப்படுத்துவது நன்மை என்னும் கருத்தை நவீன மருத்துவமும் ஒருகாலத்தில் நம்பியது, நம்பித் தவறியது. இதயத்தின் சுருங்கும் ஆற்றலை மிகுவிக்கும் மில்ரினோன் என்னும் மருந்தை நாள்தோறும் வாய்வழி கொடுத்துச் செய்த பெரிய ஆய்வின் முடிவு 1991இல் வெளியாயிற்று. கடுமையான செயலிழப்புடைய 1088 பேர் அதில் பங்கேற்றனர். மருந்து உண்டவர்களிடம் இறப்பு 28 விழுக்காடு மிகுந்திருந்தது. களைத்த குதிரையைச் சாட்டையால் அடிப்பது போன்ற வினை அது. அதற்கு மாறாக, இதயத்தின் வேகத்தையும் விசையையும் தணிக்கும் பீட்டா தடுப்பு மருந்துகள் இந்நோயில் நெடுங்காலம் விலக்கப்பட்டிருந்தன. 1999இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் அவை இறப்பைக் குறைப்பதை நிறுவின. இன்று அவை சிகிச்சையின் தூண்களுள் ஒன்று. இதயம் தளர்கையில் உடல் சுரக்கும் ஊக்கிகளே நெடுநோக்கில் இதயத்தை அழிக்கின்றன என்பதும், அவற்றைத் தடுப்பதே காப்பு என்பதும் இதிலிருந்து தெளிவாயின.

இவ்வரலாற்றை அறிந்தபின் 'இதயத்தை வலுப்படுத்தும் மூலிகை' என்னும் தொடர் பாராட்டாக ஒலிக்காது. ஒரு மூலிகை உண்மையிலேயே இதயத்தைப் பலமாகத் துடிக்கச்செய்யுமாயின் அது எச்சரிக்கைக்கு உரியது. டிஜிடாலிஸ் கதையின் பிற்பகுதியும் இதனையே காட்டுகிறது. 1930இல் பிரித்தெடுக்கப்பட்ட டிஜாக்சின் சுருக்க ஆற்றலை மிகுவிப்பது. 6800 நோயாளரைக் கொண்டு செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வில் அது இறப்பைக் குறைக்கவில்லை; மருத்துவமனையில் சேர்க்கப்படும் தேவையைக் குறைத்தது. குருதியில் அதன் செறிவு குறைவாக இருப்பதே நன்று எனப் பிற்காலப் பகுப்பாய்வுகள் கூறின. அதே குடும்பத்தைச் சேர்ந்த டிஜிடாக்சின் மீதான 2025ஆம் ஆண்டு ஆய்வு இறப்பையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் இணைத்த அளவீட்டில் நற்பயன் காட்டியுள்ளது. விதரிங் முடித்துவைத்ததாகக் கருதப்படும் வழக்கு 240 ஆண்டுகளுக்குப் பின்னும் நடந்துகொண்டிருக்கிறது.

பழைய நூல்களில் இந்நோயை எங்குத் தேடுவது என்பதும் சொல்லோடு பிணைந்த சிக்கல். ஆயுர்வேத நூல்கள் இருதய ரோகத்தை ஐவகையாகப் பகுக்கின்றன. சித்த நூல்கள் தமரகம் என்னும் சொல்லால் இதயத்தைக் குறிக்கின்றன. இக்காலக் கட்டுரையாளர் இத்தலைப்புகளுக்குள் சென்று அங்குள்ள மருந்துகளை இதயச் செயலிழப்புக்கு உரியனவாக எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் இன்று இதயச் செயலிழப்பு என்று அறியப்படும் நோயின் குறிகள் பழைய பகுப்பில் சோபை, பெருவயிறு, இரைப்பு எனப் பல தலைப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. விதரிங்கின் நூலும் இதயத்தைப் பற்றியதன்று, நீர்வீக்கத்தைப் பற்றியதே. எனவே சித்த மரபில் டிஜிடாலிசின் இடத்தோடு ஒப்பிடத்தக்கவை நீர்முள்ளி, மூக்கிரட்டை, நெருஞ்சில், சிறுபீளை முதலிய நீர்பெருக்கிகள். வீக்கத்திற்கு வழங்கப்படும் நீர்முள்ளிக் குடிநீரே இங்கு முதலில் ஆராயத்தக்கது. 'இதயத்திற்கு' எனத் தலைப்பிட்ட பகுதிகளில் அது பெரும்பாலும் தென்படுவதில்லை. சொல்லைப் பிடித்துச் சென்றவர்கள் நோயைத் தவறவிட்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஓர் எச்சரிக்கை: நீர்வீக்கம் கல்லீரலாலும் சிறுநீரகத்தாலும் வரும். விதரிங்கின் நோயாளருள் பலருக்கு மருந்து பலிக்காததற்கு இக்கலப்பும் ஒரு காரணமாகலாம். சோபைத் தலைப்பின் கீழுள்ள மருந்துகளுக்கும் இதே ஐயம் பொருந்தும்.

மருத்துவத்தைத் தமிழில் எழுதுவதில் இச்சிக்கல் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் மானிப்பாயில் மாணவருக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். பாடநூல்களைத் தமிழாக்கியபோது, வழக்கிலிருந்த வைத்தியச் சொல்லைக் கொள்வதா, புதுச்சொல் ஆக்குவதா என்னும் தேர்வு அவர் முன்னும் அவர் மாணவர் முன்னும் இருந்தது. பழஞ்சொல்லைக் கொண்டால் பழம்பொருளும் உடன்வரும் என்பது அன்றே தெரிந்த உண்மை.

மருதம்பட்டை: சிறிய ஆய்வும் பெரிய கூற்றும்

தமிழ்க் கையேடுகளில் இதயத்திற்கென முதலிடம் பெறுவது மருதம்பட்டை. வாக்படர் இதனை இதய நோய்க்கு உரைத்ததாக ஆயுர்வேத வரலாறு கூறும். பட்டையைப் பாலில் காய்ச்சிக் கொடுக்கும் முறையும் வழக்கில் உண்டு. நவீன ஆய்வு இதனைப் புறக்கணித்துவிட்டது என்னும் குறைகூறல் ஏற்கத்தக்கதன்று. 1995இல் இந்தூர் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பலமுறை சுட்டப்படுவது. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத கடுமையான செயலிழப்புடைய 12 பேருக்குப் பட்டைச்சாரம் 500 மில்லிகிராம் எட்டு மணிக்கு ஒருமுறை வீதம் இரண்டு வாரங்களும், போலிமருந்து இரண்டு வாரங்களும் மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட்டன. சாரம் உண்ட காலத்தில் நோய்க்குறிகளும் இதயத்தின் அளவீடுகளும் மேம்பட்டன. பின்னர் இருபது மாதங்களுக்கும் மேலாக அவர்கள் திறந்த முறையில் கண்காணிக்கப்பட்டனர், மேம்பாடு நீடித்தது.

இவ்வாய்வு மதிக்கத்தக்கது. வினாவைச் சரியாக வரையறுத்தது, போலிமருந்தோடு ஒப்பிட்டது, மற்ற மருந்துகளை நிறுத்தாமல் அவற்றோடு சேர்த்தே கொடுத்தது. ஆயினும் பங்கேற்றோர் 12 பேர்; ஒப்பிட்ட காலம் இரண்டு வாரம். அது நடந்த காலத்தில் பீட்டா தடுப்பு மருந்துகள் இந்நோயின் வழக்கமான சிகிச்சையில் இடம்பெறவில்லை. 'மருதம்பட்டை இதயச் செயலிழப்பைக் குணப்படுத்தும் என அறிவியல் நிறுவிவிட்டது' என்னும் கூற்றை இந்த 12 பேரின் தோள்மீது ஏற்றுவது முறையாகாது. மீண்டும் பெரிய அளவில் செய்து பார்க்க வேண்டியது என்பதே அவ்வாய்விலிருந்து பெறத்தக்க முடிவு.

அப்பணியை ஓரளவு செய்தது புதுதில்லி எய்ம்ஸ் நிறுவனத்தினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு. 100 நோயாளருக்கு, அன்றைய முறையான மருந்துகளோடு, தரப்படுத்திய மருதஞ்சாரம் 750 மில்லிகிராம் நாளைக்கு இருமுறை 12 வாரம் கொடுக்கப்பட்டது. இடது கீழறையின் வெளியேற்றப் பின்னம் உயரவில்லை. அறிகுறி சார்ந்த சில அளவீடுகளில் மட்டும் சிறு நன்மை தென்பட்டது. தமிழ்க் கட்டுரைகள் பெருமையோடு சுட்டுவது 1995ஆம் ஆண்டு ஆய்வை. 2016ஆம் ஆண்டு ஆய்வு அவற்றில் பெயரளவிலும் வருவது அருமை. இரண்டையும் அருகருகே வைப்பது மருதத்தை இகழ்வதாகாது. 12 வாரம் போதாமல் இருக்கலாம். வேறு அளவு தேவைப்படலாம். ஆனால் பலித்த ஆய்வை மட்டும் எண்ணுவது விதரிங் தவிர்த்த அதே எளிய வழி.

ஹாதார்னும் சீனக் கூட்டுமருந்தும்

ஐரோப்பாவில் மருதத்தின் இடத்தில் இருப்பது ஹாதார்ன் என்னும் முட்புதர்ச்செடி. அதன் இலையும் பூவும் சேர்ந்த சாரம் ஜெர்மனியில் நெடுங்காலமாக மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மருந்து. 2008இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல சிறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, உழைப்புத்திறனிலும் மூச்சுத்திணறலிலும் நன்மை உண்டு என்றது. அதே ஆண்டு 2681 பேரை இரண்டாண்டுக் காலம் கண்காணித்த பெரிய ஆய்வின் முடிவும் வெளியாயிற்று. இதய இறப்பு, மாரடைப்பு, மருத்துவமனைச் சேர்க்கை ஆகியவற்றைச் சேர்த்த முதன்மை அளவீட்டில் மருந்துக்கும் போலிமருந்துக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை, பெருந்தீங்கும் இல்லை. 2009இல் அமெரிக்காவில் 120 பேரைக் கொண்டு செய்த ஆய்வும் நடைத்திறனில் மேம்பாடு காணவில்லை. சிறு ஆய்வுகள் கூட்டாகச் சொன்னதைப் பெரிய ஆய்வு உறுதிசெய்யவில்லை. மருதத்தின் வரலாறும் இவ்வழியே செல்லக்கூடும் என்பதை மறுப்பதற்கு இப்போதைக்கு இடமில்லை.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. அதனைச் சொல்லாது விடுவது நடுநிலை ஆகாது. சீலிச்சியாங்சின் என்னும் சீனக் கூட்டுமருந்து 11 சரக்குகளால் ஆனது. சீனாவின் 133 மருத்துவமனைகளில் 3110 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வின் முடிவு 2024இல் அச்சேறியது. முறையான மருந்துகளோடு சேர்த்து இதனை உண்டோரிடம், இதய நோயால் இறத்தலோ செயலிழப்பு மோசமாகி மருத்துவமனையில் சேர்தலோ 25 விழுக்காட்டினருக்கு நேர்ந்தது. போலிமருந்து உண்டோரில் 30 விழுக்காட்டினருக்கு. மூலிகை மருந்து ஒன்று கடுமையான ஆய்வுமுறையை எதிர்கொண்டு நற்பயன் காட்டியதற்கு இது அரிய எடுத்துக்காட்டு.

மூலிகையை ஆதரிப்போர் இதனைக் கொடியாக உயர்த்துமுன் சரக்குப் பட்டியலை நோக்க வேண்டும். அதில் பெரிப்ளோகா என்னும் கொடியின் வேர்ப்பட்டை உள்ளது. அப்பட்டையிலுள்ள பெரிப்ளோசின் டிஜிடாலிஸ் நஞ்சின் இனத்தைச் சேர்ந்த கிளைக்கோசைடு. பதப்படுத்திய நாபி இனமும் உள்ளது. ஆகவே 'இயற்கையானது, பக்கவிளைவற்றது' என்னும் தொடர் இம்மருந்துக்குப் பொருந்தாது. தொழிற்சாலையில் சீரான அளவில் உறையிட்டு, மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கப்பட்ட மருந்து அது. வீட்டில் காய்ச்சிய குடிநீர் அன்று. இதே கிளைக்கோசைடு இனம் தமிழர் வீட்டு வேலியிலும் கோயில் நந்தவனத்திலும் அரளியாக நிற்கிறது. அரளி நச்சை முறிக்க டிஜாக்சின் எதிர்ப்பொருள் பயன்படும் என்பதை 2000இல் வெளியான இலங்கை ஆய்வு நிறுவியது. ஒன்றின் நச்சை மற்றொன்றின் முறிமருந்து முறிக்கிறது என்பதே இரண்டின் உறவுக்குப் போதிய சான்று.

செடியிலிருந்து இந்நோய்க்கு மருந்து வந்த மற்றொரு வழி எவரும் எதிர்பாராதது. 1835இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து புளோரிசின் என்னும் பொருள் பிரிக்கப்பட்டது. அது சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் என்பது பின்னர் தெரிந்தது. அதன் அமைப்பைப் பின்பற்றி உருவான நீரிழிவு மருந்துகளுள் ஒன்றான டாபாகிளிஃப்ளோசின், நீரிழிவு இல்லாதோரிடமும் இதயச் செயலிழப்பின் கேட்டைக் குறைப்பதை 4744 பேர் பங்கேற்ற 2019ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. எந்த மரபும் ஆப்பிள் பட்டையை 'இதயத்தை வலுப்படுத்தும்' எனப் போற்றியதில்லை.

விடுபட்ட பத்தியம்

இக்குறைகளை மரபின் மேல் சுமத்துவது தவறாகும். முருகேச முதலியாரின் குணபாடம் ஒவ்வொரு மூலிகைக்கும் பயன்படும் உறுப்பு, சுவை, தன்மை, பிரிவு, செய்கை என வகுத்துக் கூறுகிறது. சித்த மருத்துவம் சரக்குச் சுத்தி, அனுபானம், பத்தியம், மருந்துண்ணும் காலவரை ஆகியவற்றை வலியுறுத்துவது. எதனோடு உண்ணலாம், எதனைத் தள்ளவேண்டும் என்பதே பத்தியத்தின் பொருள். இக்கால மூலிகைக் கட்டுரை அவ்வளவையும் நீக்கிவிட்டு மூலிகையின் பெயரையும் நோயின் பெயரையும் மட்டும் இணைத்து நிறுத்துகிறது. மரபின் பெயரால் எழுதப்படும் இச்சுருக்கம் மரபுக்கே அயலானது.

இன்றைய நோயாளிக்குப் பத்தியத்தின் தேவை முன்னினும் மிகுந்துள்ளது. அவர் ஏற்கெனவே நான்கைந்து மாத்திரைகளை உண்கிறார். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் ஐரோப்பிய மூலிகை குருதியில் டிஜாக்சினின் அளவைக் குறைத்துவிடும். தமிழ் வீடுகளுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு இளநீர். பொட்டாசியம் மிகுந்த இளநீர் நல்ல இதயமுடையவருக்குக் குளிர்ச்சி. ஸ்பைரனோலாக்டோன் போன்ற, பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரை உண்பவருக்கு, அதிலும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு, மிகுதியாகக் குடித்தால் துடிப்பையே குலைக்கக்கூடியது. 'இதயத்திற்கு நல்லது' என்னும் அதே வரி ஒருவருக்கு உண்மையும் மற்றவருக்குத் தீங்கும் ஆகிறது. மேலே கூறிய நீர்முள்ளி முதலிய நீர்பெருக்கிகளும், ஃபுரோசமைடு உண்பவருக்கு மேலதிகமாக நீரையும் உப்பையும் வெளியேற்றக்கூடியவை என்னும் கருத்தோடு அணுகத்தக்கன.

அதிமதுரத்தின் நிலை இன்னும் கூர்மையானது. இருமலுக்கும் தொண்டைக் கரகரப்பிற்கும் வீடுதோறும் வழங்குவது அது. இதயச் செயலிழப்புடையவருக்கு இரவில் இருமல் வருவது இயல்பு. நுரையீரலில் நீர் தேங்குவதே அதற்குக் காரணம். வீட்டார் அதிமதுரத்தை வாயில் அடக்கக் கொடுப்பர். அதிலுள்ள கிளிசிரைசின் சிறுநீரகத்தில் கார்டிசோலைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது, உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன, பொட்டாசியம் வெளியேறுகிறது. நாட்கணக்கில் மிகுதியாக உண்டால் வீக்கமும் இருமலும் கூடும். நோயாளி டிஜாக்சினும் உண்பவராயின், பொட்டாசியம் குறைந்த நிலையில் டிஜாக்சின் அதே அளவிலேயே நஞ்சாகும். 1785ஆம் ஆண்டு நூலில் எழுதப்பட்ட வாந்தியும் மஞ்சட்பார்வையும் தாழ்ந்த நாடியும் அங்கே மீண்டும் வரும். வீட்டார் அதனை நோய் முற்றியதாகவே கருதுவர். அதிமதுரம் பற்றிய கையேட்டுக் குறிப்புகளில் அதன் இனிப்பும் குளிர்ச்சியும் விரிவாகப் பேசப்படுகின்றன. இதய மாத்திரை உண்பவர் இதனை மருத்துவரிடம் சொல்லிவிட்டு உண்ண வேண்டும் என்னும் ஒரு வரிக்கு அவற்றில் இடம் ஒதுக்கப்படவில்லை.